பன்னிரண்டு படம், ஏழு சூரியன்

2024 பொங்கலன்று விடியற்காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இந்த வேலையைத் தொடங்கினேன். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, மாதத்துக்கு ஒரு சூரிய உதயம் எடுப்பது. ஓர் ஆண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடிவானத்தில் சூரியன் தெற்கும் வடக்கும் நடக்கிற நடை ஒரே படத்தில் வந்துவிடும் என்பது எண்ணம்.

கையில் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18–55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் (எண் குறையக் குறையப் படத்தில் அதிக அகலம் அடங்கும்), ஒரு அலுமினிய டிரைபாட். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

முதல் தவறு முதல் நாளே நடந்துவிட்டது. லென்ஸை 35 மில்லிமீட்டரில் வைத்து, எழுந்து வந்த சூரியனைப் படத்தின் நடுவில் நிறுத்தி எடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பிப்ரவரியில் சூரியன் இடது பக்கம் தள்ளிப் போயிருந்தது. மார்ச் இரண்டாம் வாரம் போய் நின்றால், படத்தின் இடது விளிம்பில் பாதிச் சூரியன்தான் தெரிகிறது. இன்னும் சில நாளில் படச்சட்டத்தைவிட்டே போய்விடும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பிக்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஜூன் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. மொத்த நடை 48 பாகை. என் கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கும் அகலம் சுமார் 37 பாகைதான். 18 மில்லிமீட்டருக்கு இறக்கினால் 65 பாகை கிடைக்கும். கேமராவை நேர்க்கிழக்கே திருப்பி 18இல் வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்து மொத்த ஆண்டும் உள்ளே அடங்கும். சரி, ஜனவரி, பிப்ரவரிப் படங்களை ஒதுக்கிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

நேர்க்கிழக்கைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. போனில் உள்ள திசைகாட்டி டிரைபாட் பக்கத்தில் கொண்டுபோனாலே ஆடுகிறது. அதைவிட நம்பகமான வழி கையருகே வந்து நின்றது. மார்ச் 20, பகலும் இரவும் சமமாகிற நாள். அன்று சூரியன் நேர்க்கிழக்கில்தான் உதிக்கும். ஆறேகால் மணிக்குக் கடல்மேல் எழுந்ததும் அதைப் படத்தின் சரிபாதியில் நிறுத்தி டிரைபாட் தலையைப் பூட்டினேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் மார்ச்சிலோ செப்டம்பரிலோ தொடங்குங்கள். திசையைச் சூரியனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அதே கோணத்தில் கேமராவைக் கொண்டுவந்து வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். மணலில் அடையாளம் நிற்காது. அதனால் கடற்கரை நடைபாதையின் சிமெண்ட் தரையைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் மூன்று பொட்டு. கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை மேலே தூக்காமல் வைத்தால் உயரம் மாறாது. படத்தின் வலது ஓரத்தில் ஷ்மிட் நினைவுச்சின்னம் வருகிற மாதிரி இடம் பார்த்தேன். 1930இல் கடலில் மூழ்கிய பெண்ணைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவருக்காகக் கட்டிய வெள்ளை வளைவு அது. டிசம்பர் சூரியனுக்கும் அப்பால் இருப்பதால் எந்த மாதமும் மறைக்காது, ஒப்பிட்டுப் பார்க்க அசையாத ஒரு பொருளும் ஆயிற்று.

கோணத்தைச் சரிபார்க்க ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டி வைத்துக்கொண்டேன். கேமராவின் பின்திரை அளவுக்கு வெட்டி, முதல் படத்தைத் திரையில் போட்டு, நினைவுச்சின்னத்தின் விளிம்பையும் அடிவானக் கோட்டையும் மார்க்கர் பேனாவால் அதன்மேல் வரைந்தேன். அடுத்த மாதம் அந்தத் தாளைத் திரைமேல் ஒட்டி, வளைவு கோட்டுக்குள் வந்து உட்காரும்வரை தலையைத் திருப்பினால் போதும். இந்த இருபது ரூபாய் வேலை செய்த உதவியை வேறு எதுவும் செய்யவில்லை.

படம் எடுக்கும்போது திரையைப் பார்த்தே எடுங்கள். வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும். எல்லாம் மேனுவலில்: ஒளியுணர்வு அளவு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11. ஒவ்வொரு முறையும் இரண்டு படம். ஒன்று சூரியவட்டம் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் இருட்டாகப் போகும் அளவு வேகமான ஷட்டரில். இன்னொன்று மணலும் கடலும் தெரிய. சூரியன் அடிவானத்தைத் தொடும் நிமிடத்தில் எடுக்கலாம் என்று நினைத்தால் சென்னையில் பாதி நாள் நடக்காது. கடல்மேல் ஒரு மேகப்பட்டை எப்போதும் கிடக்கும். இரண்டு விரல் உயரம் ஏறியபின் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுவதால் அந்த உயரத்துக்குள் இடம் அதிகம் நகராது. அதே காரணத்தால் பொன்னிற வெளிச்சமும் அரைமணி நேரம்கூடத் தங்காது. இருட்டோடு போய் நிற்க வேண்டும். ஜனவரி கடைசியில் 6:35க்கு மேல்தான் உதயம் என்பதால் சிரமமில்லை. மே, ஜூனில் 5:45க்கு முன்பே உதித்துவிடும்.

ஏப்ரல் 20 படம் தடையில்லாமல் முடிந்தது. மே மாதம் லென்ஸ் பனித்துப் போனது. ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் மூடியைத் திறந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது, அவ்வளவுதான். கண்ணாடி சூடாகும்வரை துடைத்துப் பயனில்லை. அன்று சூரியன் போய்விட்டது. மறுநாளிலிருந்து கேமராப் பையை முந்தைய இரவே பால்கனியில், ஜிப் மூடியபடி வைக்கத் தொடங்கினேன். அதன்பிறகு ஒருமுறைகூடப் பனிக்கவில்லை.

நிலையான படம் முடிந்ததும் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு அலையோரம் போவது வழக்கமாயிற்று. அங்கேதான் அதற்குக் கேடு வந்தது. ஜூலையில் கீழ்க்கால் ஒன்று இறுகி நின்றுவிட்டது. திருகுப் பூட்டுக்குள் மணலும் உப்பும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. பலத்தால் திருகியிருந்தால் மரை போயிருக்கும். வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்தபின் திறந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பிறைகள் இருக்கும், காலை உருவும்போது தெறித்து விழும், எந்தப் பக்கம் எது இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, மரைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் ஒரு நாள் உலர்த்தினேன். பிறகு மரையில் மட்டும் துளி கிரீஸ். காலின் மேல் எண்ணெய் போடவே கூடாது, அடுத்த முறை மணலை அதுவே இழுத்துக்கொள்ளும்.

இரண்டு பழக்கங்கள் அப்போது வந்தவை. கடற்கரையில் அடிக்காலை முதலில் நீட்ட வேண்டும். அப்போது பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். இன்னொன்று, மூன்று காலுக்கும் மூன்று கொட்டாங்குச்சி. வாய்ப்பக்கம் மேலே பார்க்க ஈரமணலில் அழுத்தி வைத்து அதற்குள் காலை நிறுத்தினால், அலை வந்து போகும்போது கால் புதையாது.

லென்ஸில் படியும் உப்புத் துளியை வெறும் துணியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். முதலில் ரப்பர் பம்பால் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். உப்பு கரைந்துபோன பிறகுதான் லென்ஸ் திரவம்.

இந்தக் காலைகளில்தான் ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். படகடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார். மூன்றாவது மாதம் அவரே கேட்டார்: "இன்னா தம்பி, வந்து வந்து அதே எடத்துல நிக்கிற?" சொன்னேன். சூரியனின் நடையில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை. காற்றைப் பற்றித்தான் பேசுவார். மேற்கே தரையிலிருந்து கடலுக்குப் போவது கச்சான். வடக்கே இருந்து இறங்குவது வாடை. எனக்கு அவை அப்போது வெறும் பெயர்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் காலைகளை நான் மிகவும் விரும்பினேன். மாலையில் மேற்கே கருமேகம் திரண்டு, இரவில் இடியோடு கொட்டிவிட்டு, கடல் பக்கம் நகர்ந்து போயிருக்கும். விடியும்போது வானம் கழுவிவிட்ட மாதிரி. தூரத்தில் கடல்மேல் அந்த மேகத்தின் எச்சம் மட்டும் நிற்கும். அதன் விளிம்பில் வெளிச்சம் ஏறும். 2019 ஆகஸ்டில் இதே கரையில்தான் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்தன. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர், அலை உடையும்போது அசைவு பட்டு ஒளிவிடுவது அது. அன்று நான் ஊரில் இல்லை. அந்தக் குறையில் இந்த ஆகஸ்ட் முழுக்க ஒவ்வோர் இரவும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

செப்டம்பரில் சூரியன் நகரும் வேகம் கண்ணுக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ தன் அகலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே தள்ளி உதிக்கும். ஒரு வாரம் தாமதித்துப் போனால் படம் வேறு. ஜூன், டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் அசைந்ததே தெரியாது.

அக்டோபர் நடுவில் கனமழை. மாதம் திரும்பும் முன் பெரியவர் சொன்னார்: "தண்ணி திரும்பப் போவுது பாரு. செத்தை எல்லாம் இனிமே இங்கதான் வரும்." அப்படியே ஆயிற்று. மார்ச்சிலிருந்து கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவமழையோடு திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். அடையாறு முகத்துவாரம் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே இருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரையும் குப்பையும் முகத்துவாரத்தைத் தாண்டியதும் இந்தப் பக்கம் திரும்பிக் கரையேறுகின்றன. நவம்பர் 20 படத்தில் மணல் முழுக்கப் பச்சை. அலை மணலை அரித்து முழங்கால் உயரத்துக்குப் படி வெட்டியிருந்தது. அந்தப் படத்துக்காக மூன்று நாள் போக வேண்டியிருந்தது, மேகம் விலகவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த வாரம் நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அலை உயர்ந்திருக்கும் நாளில் எந்தப் படமும் தேவையில்லை என்பது என் உறுதியான முடிவு.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் ஒரு வேலை. லென்ஸின் உள்பக்கம் சிலந்திவலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை. உள்ளே வந்துவிட்டால் நாம் கழற்றக் கூடாது, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினேன். அதற்கு ஆன செலவில் ஈரத்தைத் தடுக்கும் டப்பா நாலு செய்திருக்கலாம். ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத மளிகை டப்பா ஒன்று, அடியில் துணிப்பையில் அரைக்கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஓரத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானி. உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பூஞ்சை பிடிக்காது. ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கென்றே வைத்திருக்கும் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதேபோல் சமையல் பாத்திரத்தில் வறுப்பதும் வேண்டாம்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பறவைகள். முகத்துவாரத்தின் மணல்திட்டில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். நின்றபடி எடுத்தால் மணலில் கிடக்கும் கூழாங்கல் மாதிரிதான் வரும். அதன் கண்மட்டத்துக்கு நாம் படுக்க வேண்டும். பழைய அலுமினியத் தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு பையை வைத்து, பைமேல் கேமராவை உட்காரவைத்தேன். ஈரமணலில் தாம்பாளம் வழுக்கிக்கொண்டு போகும். பை, தையற்காரர் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்துக் கொடுத்தது. முதலில் அரிசி நிரப்பினேன். ஈரக்காற்றில் கட்டி தட்டி வண்டு வைத்துவிட்டது. அப்புறம் அம்மா சொன்ன யோசனை, புளியங்கொட்டை. வழவழவென்று நகர்ந்து லென்ஸின் உருவத்துக்கு இடம் கொடுக்கிறது, ஈரம் பட்டாலும் ஊறிக் கெடவில்லை.

படுத்துக்கொண்டு முழங்கையால் நகர்ந்தேன். பறவை தலையைத் தூக்கி நின்றால் நானும் நின்றுவிடுவேன். அது மறுபடி இரை கொத்தத் தொடங்கினால்தான் அடுத்த அடி. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொள்ளும் உயிரை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது பாவம். ஆமைகளுக்கும் இதுதான். ஜனவரி முதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். இரவில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து நடந்து வந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள், 1988 முதல் நடக்கிற வேலை. அவர்களோடு ஒரு இரவு நடந்தேன். கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பிப்ரவரி 20, 2025 காலையோடு பன்னிரண்டு படமும் முடிந்தது. அன்று மாலையே கணினியில் கிம்ப் மென்பொருளில் அடுக்கினேன். அடியில் மார்ச் மாதக் கரை. அதன்மேல் இருட்டான சூரியப் படங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றையும் 'லைட்டன்' முறையில் வைத்தால் வெளிச்சமான புள்ளி மட்டும் மேலே தெரியும். பன்னிரண்டாவது அடுக்கைப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு சூரியன்தான் இருந்தது.

அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தபோது புரிந்தது. போன வழியிலேயேதான் திரும்பி வருகிறது. மார்ச் 20 உதித்த இடத்தில்தான் செப்டம்பர் 22க்கும். ஏப்ரலும் ஆகஸ்டும் ஒரே இடம், மேயும் ஜூலையும், அக்டோபரும் பிப்ரவரியும், நவம்பரும் ஜனவரியும் அப்படியே. ஜூனும் டிசம்பரும் மட்டும் இரண்டு கடைசியில் தனியாக. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொங்கலுக்கு உத்தராயணம் தொடங்குவதாகச் சொல்கிறோம். 2024 பொங்கலன்று எடுத்த பழைய படத்தை நினைவுச்சின்னத்தை வைத்து அளந்தால், டிசம்பர் 21 இடத்திலிருந்து அதற்குள் நான்கு சூரிய அகலம் வடக்கே வந்திருந்தது.

சரி, இரண்டு மாதத்துக்கு ஒரே சூரியன் என்றால் பருவத்தைக் காட்டுவது எது? ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நவம்பரில் மணல் பச்சையும் கருப்புமாக, வானம் ஈயம் மாதிரி. அதே சூரியனின் கீழே ஜனவரியில் கடல் தெளிந்து, அரித்த படியின் முனை மழுங்கத் தொடங்கியிருக்கிறது, கடற்காகங்கள் கூட்டமாக நிற்கின்றன. அக்டோபரில் மேகம் கோபுரமாக எழுகிறது, பிப்ரவரியில் அடிவானம் கத்தியால் வெட்டியது போல. மே படத்தின் அடிவானத்தில் பெரிய படகு ஒன்றுகூட இல்லை, ஜூலையில் மூன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை என்பது இப்படிப் படத்துக்குள் வந்துவிட்டது. ஏப்ரலும் ஆகஸ்டும்தான் எனக்குப் பிரிக்க முடியவில்லை. வெளுத்த வானம், தெளிந்த வானம் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பன்னிரண்டையும் தேதி போடாமல் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குக் கொண்டுபோனேன். பெரியவர் வலையைத் தள்ளி வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சூரியனை அவர் பார்க்கவே இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தண்ணீரைத்தான் பார்த்தார். ஏப்ரலை எடுத்து, "இது சித்திர" என்று கீழே வைத்தார். ஆகஸ்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது ஆடி கழிஞ்சு எடுத்தது. கச்சான் அடிக்குது பாரு, அலை மேல."

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். உடைகிற ஒவ்வொரு அலையின் உச்சியிலிருந்தும் துளிகள் கரைப் பக்கம் விழாமல், பின்னால் கடலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அங்கே நின்றபோது என் முதுகில் அடித்த காற்று அது. ஏப்ரல் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஆண்டுக்கு வேலையில் ஒன்று சேர்த்திருக்கிறேன். நிலையான படம் எடுத்ததும் லென்ஸை 55க்குத் திருப்பி, அலை உடையும் கோட்டை மட்டும் தனியாக ஒன்று. மார்ச் 20, 2025 அன்று நெயில் பாலிஷ் பொட்டுகளில் இரண்டு தேய்ந்திருந்தன. மூன்றையும் புதிதாக வைத்துவிட்டுக் கொட்டாங்குச்சிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.